தழும்பிலை குத்துங்கோ

நாயைச் செந்தூரன் இரும்பு அலவாங்கால் அடித்தான்.

முதல் அடி முதுகில் விழுந்தது. ஜிம்மி ஓடவில்லை. அடித்தவன் வீட்டுக்காரன்தானா என்று நிச்சயப்படுத்துவதுபோலத் திரும்பிப் பார்த்தது. அடுத்த அடியில் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு அவனிடமே வந்தது. மனைவி கஜானி கிணற்றடியிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் அலவாங்கை வாழையடியில் ஊன்றிவிட்டு மூச்சு வாங்கினான். அவனுடைய முதுகில் கட்டியிருந்த துணியில் புண்ணின் நீர் மஞ்சளாக ஊறியிருந்தது.

“டொக்டர் நாயைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே,” என்றாள்.

“பக்கத்து வீட்டு இராசாத்தியக்கா போனிலை வாசிச்சுக் காட்டினவ. நாயிலையும் இந்தக் கிருமி இருக்குமாம்.”

“அவ காலமையிலை ராசிபலனும்தான் வாசிக்கிறா. அதுக்கும் ஆரையும் அடிப்பியளோ?”

பள்ளிக்கூட உடுப்போடு மகள் வாசற்படியில் நின்றாள். அவள் அழவில்லை. தகப்பனின் முகத்தையும் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பாயில் அவர்களுடைய காணி சிவப்பு மண் காணி. வெங்காயமும் மரவள்ளியும் மாறி மாறிப் போடுவார்கள். அது போதாமல் மழை தொடங்கியதும் செந்தூரன் உழவு மெசினைக் கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் போய்விடுவான். பகலில் வயல் உழுவான். பொழுதுபட்டால் காட்டோரக் கொட்டிலில் மேற்சட்டை இல்லாமல் கிடப்பான். போன முறை வரும்போது இடது தோளுக்குக் கீழே, முதுகில் ஒரு பரு இருந்தது. நோகவில்லை, அரிக்கவுமில்லை. பரு உடைந்து, நடுவில் குழியும் சுற்றிலும் வரம்புமாக ஒரு புண்ணாகி, ஆறாமல் விரிந்தது. பரியாரியின் எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. பெரியாசுப்பத்திரித் தோல் கிளினிக்கில் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, மணல் ஈ கடித்து வருகிற கிருமி என்றார்கள்.

வைத்தியம் என்பது ஊசி. கையிலோ இடுப்பிலோ போடுகிற ஊசியல்ல. புண்ணின் வரம்பிலேயே, சதைக்குள்ளே, சுற்றிச் சுற்றிக் குத்தி மருந்தை இறக்குவார்கள். மருந்து இறங்க இறங்கத் தோல் வெளிறிப் புடைக்கும். முதல் தரம் செந்தூரன் கத்தியது மருந்தெடுக்க வந்த சனம் இருந்த மரவாங்குவரைக்கும் கேட்டது. அடுத்த கிழமையிலிருந்து தமையன் பரமலிங்கத்தார் கூடப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். தகப்பன் இறந்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

“பல்லைக் கடியடா. ஆம்பிளையே நீ?”

“உங்கடை முதுகிலை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ அண்ணை, தெரியும்.”

“எனக்குப் போட்டா நான் ஊசி போடுற மிஸ்ஸியோடை பகிடி விட்டுக்கொண்டு இருப்பன்,” என்பார் அவர். ஆனால் ஊசி ஏறும்போது அவர் கண்களை மூடிக்கொள்வதைக் கஜானி கண்டிருக்கிறாள்.

ஊர் அதைக் கிருமி என்று சொல்லவில்லை. குட்டம் என்றது. நேரே சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை வேறு வாங்குக்குப் போனது. பரமலிங்கத்தாரின் மூத்தவளுக்குப் பேசிக்கொண்டிருந்த இணுவில் சம்பந்தக்காரர் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். கோயில் அன்னதானத்தில், சோறு போட்டுக்கொண்டு நின்ற மில்லுக்காரர் செந்தூரன் முன்னால் வந்ததும் கையை நிறுத்தினார்.

“நீர் வெளியிலை நில்லும். பார்சல் கட்டித் தரச் சொல்லுறன்.”

“ஏன்?”

“ஏனெண்டு உமக்குத் தெரியாதே? குழந்தை குஞ்சுகள் சாப்பிடுற இடம்.”

செந்தூரன் அவர் கையிலிருந்த சட்டுவத்தைப் பறித்து அவர் வாயிலேயே அடித்தான். சோற்றுக்கிடாரத்தில் ரத்தம் தெறித்தது, பல்லும் விழுந்தது. அவ்வளவு பேருக்குச் சமைத்த சோற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். இளைஞர்கள் அவனைக் கீழே போட்டு மிதித்தபோது, புண் மண்ணில் தேய, அவன் கோபுரத்தைப் பார்த்துக் கத்தினான்.

“முருகா, என்ரை முதுகுப் புண் ஆறி மாறட்டும்! மாறினால் முதுகிலை செடில் முள் குத்தி உவன்ரை மில்லடியாலை காவடி ஆடி வாறன்! எல்லாரும் பாருங்கோடா அப்ப!”

பொலிஸ் வந்தது, விசாரித்தது, சமாதானமாகிப் போனது. நேர்த்திக்கடன் மட்டும் நின்றது.

புண் மூடியது. மாரி முடிகிற காலத்தில் அந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு தழும்புதான் இருந்தது. டொக்டர் பஸ்லியா அதைக் கையால் தடவி, லாம்பைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருக்காரி. தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்த குடும்பம். அதிகம் பேசமாட்டார்.

“நல்லா மூடியிருக்கு,” என்றார்.

“அப்ப மாறீட்டுது,” என்றான் செந்தூரன்.

“மாறீட்டுதெண்டு நாங்கள் சொல்லுறதில்லை, அண்ணை. தேடினம், காணேல்லை எண்டுதான் சொல்லுவம்.”

“காணாட்டி மாறினதுதானே?”

“அப்பிடியில்லை. மேலை தோல் மூடினாலும் அடியிலை கொஞ்சம் ஒளிச்சிருக்கும். இன்னும் தேடவே இல்லையே. வாற கிளினிக்குக்கு வாங்கோ, கடுகளவு தோல் எடுத்துப் பாப்பம். அதுவரைக்கும் அந்த இடத்திலை அடி காயம் படாமல் பாருங்கோ. காயம் பட்டால் அது எழும்பும்.” பிறகு கஜானியைப் பார்த்து, “இது கனபேருக்குத் தோலோடை நிக்கும். ஆகக் கொஞ்ச ஆக்களுக்குத்தான் உள்ளுக்குப் போய் ஈரலைப் பிடிக்கும். பயப்படுத்தச் சொல்லேல்லை. விட்டிடாதேங்கோ,” என்றார்.

வெளியே வந்ததும் செந்தூரன் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னான்:

“மூடின புண்ணைத் திருப்பி வெட்டுறதோ? விசரோ உவைக்கு?”

அடுத்த கிளினிக்குக்கு அவன் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. அவனுடைய யோசனை நேரானதாக இருந்தது. மாறினால் ஆடுவேன் என்றுதான் நேர்த்தி. மாறியதா என்று ஆசுப்பத்திரியில் வெட்டிப் பார்க்கக் கொடுத்தால், மாற்றிவிட்ட முருகனையே சந்தேகப்பட்டதாகிவிடும். பரமலிங்கத்தாரும் அதைத்தான் சொன்னார். அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. மேற்சட்டையில்லாமல், ஊர் பார்க்க, நடுறோட்டில் தம்பியின் முதுகு வரவேண்டும். இணுவில் ஆட்களும் திருவிழாவுக்கு வருவார்கள்.

வெங்காயம் பிடுங்குகிற நாட்கள் வந்தன. வெயில் மண்ணிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. பிடுங்கியதைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து, மண் உதறி, தாளைச் சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். செந்தூரன் விரதம். காலையில் பாலும் பழமும், பொழுதுபட ஒரு நேரச் சோறும் மரக்கறியும். அவன் மேற்சட்டையில்லாமல் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் இருந்த கஜானிக்குத் தழும்பின் மேல் ஓரத்தில் அது தெரிந்தது. ஒரு சிவப்புப் பரு. ஊசித் தலையளவு. அவன் இடைக்கிடை முதுகைக் கொட்டில் மரத்தில் தேய்த்துக்கொண்டான்.

அவள் இன்னும் நாலைந்து பிடி கட்டினாள். தாள்கள் முறியும் சத்தம் மட்டும் கேட்டது.

“இஞ்சேருங்கோ. அதிலை ஒரு பரு வந்திருக்கு.”

“வேர்க்குரு.”

“வேர்க்குரு தழும்பிலை வாறேல்லை. நாளைக்குக் கிளினிக் இருக்கு. ஒருக்காக் காட்டிப்போட்டு வந்து ஆடுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லையே.”

“காட்டினால் வெட்டுவினம். வெட்டினால் தையல் போடுவினம். தையலோடை செடில் குத்த ஏலுமே?”

“அடுத்த வருசம் குத்துங்கோவன்.”

“அடுத்த வருசமோ? அடுத்த வருசம் வரைக்கும் நான் குட்டக்காரனாத் திரியவோ?”

“உங்களை ஆர் இப்ப அப்பிடிச் சொன்னது?”

“நீ சொல்லுறாய்! நீதான் இப்ப சொல்லுறாய்! ஊர் வாயை மூடீட்டுது, இனி என்ரை வீட்டுக்குள்ளை இருந்து நீ திறக்கிறாய்.”

“மாறேல்லை எண்டால் மாறேல்லைத்தானப்பா. முருகன் கோவிக்கமாட்டார். உங்களுக்குத்தான் பயம், தேடினால் கண்டிடுவினம் எண்டு.”

அவன் திரும்பியது அவளுக்குத் தெரிந்தது. அடி தெரியவில்லை. கையிலிருந்த வெங்காயப் பிடியோடு புறங்கையால் வாயில் அடித்திருந்தான். பிடி அவிழ்ந்து வெங்காயங்கள் கொட்டில் முழுக்க உருண்டன. மேலுதடு பல்லில் பட்டுப் பிளந்தது. வெங்காயச் சாறு அதில் எரிந்தது. அவள் விழுந்த இடத்திலேயே இருந்து, ரத்தத்தைச் சேலைத் தலைப்பில் ஒற்றினாள். அவன் இரண்டாவது தரமும் கையை ஓங்கினான். கொட்டில் வாசலில் மகள் தேத்தண்ணீர்ச் செம்போடு நின்றாள். கை இறங்கியது.

பிறகு அவன் உருண்ட வெங்காயங்களைப் பொறுக்கினான். அவள் கட்டினாள். அன்று இரவுச் சோற்றையும் அவளே போட்டாள். புளி உதட்டில் படாமல் அவள் சாப்பிடுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் அவள் செடில் குத்துகிற ஏரம்பரிடம் போனாள். அவர் முற்றத்தில் இருந்து முட்களைப் பாதியாக அறுத்த தேசிக்காயின் புளியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தூண்டில் போல வளைந்த பித்தளை முட்கள். அவளுடைய உதட்டைப் பார்த்தார். கேட்கவில்லை.

“ஏரம்பண்ணை, அவருக்குத் தழும்பிருக்கிற இடத்திலை மட்டும் குத்தாதேங்கோ. டொக்டர் சொன்னவ.”

“டொக்டர் சொல்லத் தேவையே பிள்ளை? தழும்புத் தோல் இழுவைக்குத் தாங்காது. நான் அதை விட்டு மற்றப் பக்கமாக் குத்துவன்.”

“சத்தியமா?”

“முள்ளைக் கையிலை வைச்சுக்கொண்டு பொய் சொல்லுவனே?”

அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

திருவிழா அன்று காலையிலேயே தார் உருகத் தொடங்கியிருந்தது. றோட்டை நனைக்கத் தண்ணீர்ப் பவுசர் முன்னால் போனது. தண்ணீர்ப்பந்தலில் பெடியள் மோர் கலக்கினார்கள். வைரவர் கோயில் முன்றலில் செந்தூரன் ஈர வேட்டியோடு மணையில் இருந்தான். பின்னால் பரமலிங்கத்தார் முட்களில் கட்டுகிற கயிறுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். நேர்த்திக்காரனின் மனைவி பாற்செம்பு எடுக்கவேண்டும் என்பதால், கஜானி தலையில் செம்போடு பக்கத்தில் நின்றாள். அதை இனி முருகன் கோயில் மூலஸ்தானத்தில்தான் இறக்கலாம்.

ஏரம்பர் முதுகில் திருநீற்றை அப்பித் தட்டினார். தோலைக் கிள்ளித் தூக்கி, முள்ளின் கூரை ஒரு பக்கத்தால் ஏற்றி மறுபக்கத்தால் எடுத்தார். “அரோகரா!” என்றது சனம். வலது பக்கம் முழுவதும் குத்தி முடிந்தது. செந்தூரன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கிளினிக்கில் கத்தியவன் இவன்தானா என்று அவளுக்கு இருந்தது. இடது பக்கத்தில் தழும்புக்குக் கீழே ஏரம்பர் கை போனது.

“அங்கை இல்லை,” என்றான் செந்தூரன். “மேலை.”

“மேலை தழும்பு, தம்பி.”

“தெரியும். தழும்பிலை குத்துங்கோ.”

மேளம் நின்றிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது.

“கிழியும் தம்பி.”

“மாறின தோல் ஏன் கிழியுது? அதிலை குத்துங்கோ. எல்லாரும் பாக்கட்டும்.”

ஏரம்பர் கஜானியைப் பார்த்தார். அவள் செம்பைப் பிடித்த கையோடு தலையை ஆட்டவும் முடியாமல், “வேண்டாம், ஏரம்பண்ணை. அத்தான், நீங்கள் சொல்லுங்கோ உங்கடை தம்பிக்கு,” என்றாள்.

பரமலிங்கத்தார் சனத்தைப் பார்த்தார். மில்லுக்காரர் தூரத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றார். இணுவில் ஆட்களும் நின்றார்கள்.

“குத்துங்கோ,” என்றார்.

முள் லேசில் ஏறவில்லை. வழுக்கியது. ஏரம்பர் பெருவிரலால் அழுத்தியபோது பரு உடைந்து நீர் வந்தது. பிறகு கூர் மறுபக்கம் வந்தது. செந்தூரனின் சிரிப்பு ஒரு கணம் நின்று திரும்பி வந்தது. “அரோகரா!”

காவடியைத் தோளில் வைத்ததும் மேளம் பிடித்துக்கொண்டது. அவன் முன்னால் பாய, பரமலிங்கத்தார் பின்னால் சாய்ந்து கயிறுகளை இழுத்தார். முதுகுத் தோல் கூடாரம் போல எழும்பி நின்றது. கஜானியின் கண் ஒரு கூடாரத்தை விட்டு நகரவில்லை. அது மற்றவற்றைப்போலச் சிவக்கவில்லை. வெளிறிப்போய் நின்றது.

மில்லடிக்கு வந்ததும் அவன் ஆட்டம் மாறியது. திரும்பி முதுகை மில் வாசலுக்குக் காட்டினான். சுழன்றான். திரும்பவும் காட்டினான். “பாருங்கோடா!” என்று கத்தியது மேளத்துக்கு மேலால் கேட்டது. பிறகு அண்ணனையே இழுத்து விழுத்திவிடுவதுபோல முன்னால் பாய்ந்தான். அண்ணன் முழுப் பலத்தோடும் இழுத்தார்.

ஈரத் துணி கிழிகிற சத்தம்.

பரமலிங்கத்தார் மல்லாக்க விழுந்தார். ஒரு முள் கயிற்றோடு பறந்து தாரில் விழுந்தது. செந்தூரனின் இடது முதுகு தோளிலிருந்து திறந்து ரத்தம் வேட்டிக்குள் ஓடியது. சனம் இன்னும் பெரிதாக அரோகரா சொன்னது. உரு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவன் மேலும் இரண்டு எட்டு ஆடி, முழங்காலில் விழுந்தான்.

கஜானி பாற்செம்பை இறக்கினாள். யாரோ ஒரு மனுசி, “ஐயோ பிள்ளை, நிலத்திலை வையாதை!” என்று கத்தினாள். அவள் நடுறோட்டில் வைத்துவிட்டு முள்ளைப் போய் எடுத்தாள். கூரில் ஒரு துண்டுத் தோல் இருந்தது. உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

ஆசுப்பத்திரிவரைக்கும் ஓட்டோவில் அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை. பரமலிங்கத்தார் தம்பியின் முதுகில் தன் சால்வையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு விம்மினார். “அதைவிடு, பிள்ளை. உன்ரை கையிலையும் ரத்தம் வருது.”

“வரட்டும்.”

காயம் தைக்கிற அறைக்கு டொக்டர் பஸ்லியாவைக் கூப்பிடச் சொல்லி அவள் நின்ற நிலையைப் பார்த்து, இளம் டொக்டர் ஒருவர் போன் எடுத்தார். பஸ்லியா வந்ததும் கஜானி கையை விரித்தாள். முள் உள்ளங்கையில் ஏறி நின்றது.

“இதிலை பாருங்கோ. வெட்ட விடமாட்டன் எண்டவர். இது கிழிஞ்சு வந்தது.”

பஸ்லியா அதைப் பார்த்தார். அவளுடைய உதட்டையும் பார்த்தார்.

“இது உதவாதம்மா. மண்ணும் திருநீறும் தேசிப்புளியும் பட்டிருக்கு.” முள்ளை மெதுவாகக் கழற்றித் தட்டத்தில் போட்டார். “ஆனா தைக்கிறதுக்கு ஓரத்தை எப்பிடியும் வெட்டவேணும். அதைத் தனியா எடுக்கிறன். அண்ணைக்குச் சம்மதமோ?”

குப்புறக் கிடந்த செந்தூரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எடுங்கோ,” என்றான். வெளியே எங்கேயோ காவடி மேளம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

தோல் பரிசோதனையின் மறுமொழி வந்த நாள் மூன்று பேரும் போனார்கள். பஸ்லியா சுற்றி வளைக்கவில்லை.

“இருக்கு. உயிரோடை இருக்கு.”

பரமலிங்கத்தார் தலையில் கை வைத்தார். செந்தூரன் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகுக் கட்டைத் தொட்டான்.

“அப்ப நான் ஆடினது எதுக்கு?”

பஸ்லியா மருந்து எழுதினார். தையல் ஆறியதும் திரும்பவும் அதே ஊசி. இந்த முறை கூடுதல் காலம்.

ஊசி தொடங்கிய நாள் பரமலிங்கத்தார் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார். “நீங்கள் வேண்டாம் அண்ணை,” என்றான் செந்தூரன். கஜானியைப் பார்த்தான். அவள் எழும்பவில்லை.

“நான் பிடிக்கமாட்டன்.”

அவன் கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டான். மருந்து இறங்கியது. மேளமில்லை, சனமில்லை. அவன் கத்தினான். மிஸ்ஸி, “முடிஞ்சுது, முடிஞ்சுது,” என்றாள். முடிந்திருக்கவில்லை.

அடுத்த வெங்காயம் பிடுங்குகிற காலத்துக்குள் தழும்பு திரும்பவும் மூடியது. இப்போது அது பெரியது. பஸ்லியா கடுகளவு தோல் எடுத்தார். அவன் தானாகவே மேற்சட்டையைக் கழற்றினான். தேடினோம், காணவில்லை, வருசம் ஒன்று போகட்டும், திரும்ப வாருங்கள் என்றார். வேலிக்கு மேலால் இராசாத்தி, “மாறீட்டுதோ தம்பி?” என்று கேட்டபோது, “காணேல்லையாம்,” என்றுதான் சொன்னான்.

பின்னேரம் கொட்டிலில் இரண்டு பேரும் பிடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மேலுதட்டில் ஒரு வெள்ளைக் கோடு நின்றது. அதை எந்த டொக்டருக்கும் அவள் காட்டவில்லை. அவன் கையிலிருந்த பிடியைக் கட்டி முடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னான்:

“கஜானி, இனி நான் உன்னிலை கை வைக்கமாட்டன். அது மாறீட்டுது.”

அவள் தாள்களைச் சேர்த்து, சுற்றி, இழுத்து முடிந்தாள். மண்ணை உதறினாள். எழும்பிப்போய்க் கூரை வளையில் தொங்கவிட்டுவிட்டு வந்து இருந்தாள்.

“காணேல்லை எண்டு சொல்லுங்கோ,” என்றாள். “மாறீட்டுதெண்டு சொல்லாதேங்கோ.”

அவன் கையிலிருந்த பிடியைக் கட்டி முடித்தான். காற்று வந்து கொட்டிலின் வெங்காயச் சருகைக் கிளப்பியது.

மகள் வாசலுக்கு வந்தாள். சித்தி வீட்டிலிருந்து வாங்கி வந்த நாய்க்குட்டி அவள் காலுக்குள் ஓடி, கொட்டிலுக்குள் புகுந்து, செந்தூரனின் கால் பெருவிரலை முகர்ந்து பார்த்தது. அவன் அதைத் தடவக் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தி, மகளை நிமிர்ந்து பார்த்தான்.

அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.